‘சும்மாதான் இருக்கேன்’ என்று சொல்லும் அம்மாவை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

தென்காசி மாவட்டத்திலிருந்து ஒரு வாசகியின் கடிதம்:

“எனக்கு 24 வயது. எம்.ஏ. பொருளியல் முடித்திருக்கிறேன். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அம்மா பீடி சுற்றுகிறார். அப்பா கேரளாவில் கட்டட வேலை பார்க்கிறார். அம்மாவின் கூலியும், பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் உதவித்தொகையும்தான் என்னைப் படிக்க வைத்தன. அமைப்புசாராத் தொழிலாளர் பற்றி ஆய்வு செய்து, பேராசிரியராக வேண்டும் என்று ஆசை. மாமா வங்கித் தேர்வு எழுதச் சொல்கிறார். கல்லூரியில் ஆசிரியர் ஒருவரிடம் என் ஆசையைச் சொன்னபோது, ‘உங்க வீட்டுக் கதையெல்லாம் பொருளியல் ஆகாதும்மா’ என்றார். கணக்கும் ஆங்கிலமும் எனக்குச் சுமார்தான். இந்த வழியில் போனால் பிழைப்பு நடக்குமா?”

பதில்:

அன்புள்ள வாசகிக்கு, வணக்கம்.

பிழைப்பு நடக்குமா என்று கடைசியாகக் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால், வீட்டுக் கதை பொருளியல் ஆகாது என்று உங்களிடம் சொன்னார்களே, அதற்குப் பதில் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. நானும் அதைக் கேட்டவன். முனைவர் பட்ட ஆய்வின்போது என் முதல் கட்டுரையை ஒரு கருத்தரங்கில் வாசித்தேன். தலைமை வகித்தவர், ‘இது சமூகவியல் துறைக்குப் போக வேண்டியது’ என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். அன்றிரவு பேருந்தில் வரும்போது தலைப்பை மாற்றிவிடலாமா என்றுகூட யோசித்தேன். மாற்றாமல் விட்டதில் இன்றைக்கும் எனக்குச் சந்தோஷம்.

1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இந்தியப் பொருளியலின் முதல் பேராசிரியராக வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர். வந்த மறுவருடமே மாணவர்களிடம் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து, அவரவருக்குப் பழக்கமான கிராமங்களுக்கு அனுப்பினார். நிலம் யாரிடம் இருக்கிறது, கூலி எவ்வளவு, கடன் யாரிடம் வாங்குகிறார்கள் என்று எழுதி வரச் சொன்னார். 1918இல் அது புத்தகமாக வந்தது. அதில் உள்ள ஊர்களில் ஒன்று கங்கைகொண்டான். திருநெல்வேலியிலிருந்து மதுரைக்குப் போகிற சாலையில் இருக்கிறதே, அதேதான். பிறகு 1930களிலும், 60களிலும், 80களிலும் ஆய்வாளர்கள் அந்த ஊர்களுக்குத் திரும்பத் திரும்பப் போனார்கள். நூறு வருடத்தில் ஒரு தமிழ்க் கிராமத்தில் கூலி உழைப்பு எப்படி மாறியது என்று தெரிந்துகொள்ள இன்றும் உலகெங்கும் இருந்து ஆட்கள் அந்தக் குறிப்புகளைத் தேடி வருகிறார்கள். எழுத ஆரம்பித்தவர்கள் உங்களைப் போன்ற மாணவர்கள்தான். இதை உங்கள் ஆசிரியரிடம் பணிவாகவே சொல்லலாம்.

அமைப்புசாராத் தொழிலைக் குறிக்க வழங்கும் ‘முறைசாரா’ என்ற சொல்லும் இப்படி நேரில் போய்ப் பார்த்ததில் பிறந்ததுதான். 1960களில் கீத் ஹார்ட் என்ற இளம் மானுடவியலாளர் கானாவின் தலைநகர் அக்ராவில், நிமா என்ற ஏழைக் குடியிருப்பில் ஆய்வு செய்தார். புத்தகக் கணக்குப்படி பார்த்தால் அங்கே இருந்தவர்களில் பலர் வேலையில்லாதவர்கள். நேரில் பார்த்தால் ஒருவர் கையும் சும்மா இல்லை. எதையாவது விற்றார்கள், தைத்தார்கள், வாடகைக்கு விட்டார்கள். அந்த வருமானத்துக்கு அவர் வைத்த பெயர்தான் அது. 1971இல் ஒரு மாநாட்டில் பேசினார், 1973இல் கட்டுரை அச்சில் வந்தது. இதற்கு நடுவில் 1972இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கென்யா பற்றி எழுதிய அறிக்கை அந்தச் சொல்லை உலகம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது.

பொருளியலாளர் ஆர்தர் லூயிஸின் 1954ஆம் வருடக் கட்டுரை உங்கள் எம்.ஏ. பாடத்தில் இருந்திருக்கும். கிராமத்தில் தேங்கிக் கிடக்கும் உழைப்பை நவீனத் துறை கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொள்ளும் என்றார். உங்கள் அப்பா ஊரை விட்டுப் போனார்தான். ஆனால் அவர் போய்ச் சேர்ந்த இடத்தில் சம்பளச் சீட்டு இல்லை, வருங்கால வைப்பு நிதி இல்லை, அடுத்த வாரம் வேலை உண்டா என்பதும் நிச்சயமில்லை. லூயிஸ் வரைந்த படத்தில் அப்படி ஓர் இடமே கிடையாது. இந்தியாவில் உழைப்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் அந்த இடத்தில்தான் இருக்கிறார்கள் என்று, அமைப்புசாராத் தொழில்கள் பற்றி மத்திய அரசு அமைத்த அர்ஜுன் சென்குப்தா ஆணையம் 2007இல் சொன்னது. ஆகவே உங்கள் வீட்டில் நடப்பதை ஒரு ஓரத்துக் கதையாக நினைக்காதீர்கள். இந்த நாட்டில் பெரும்பாலானவர்கள் பிழைப்பது அப்படித்தான்.

இனி உங்கள் அம்மா. உங்கள் வீட்டை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தப் பக்கத்து ஊர்களில் எத்தனையோ திண்ணைகளில் மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன். மடியில் சுளகு, அதில் ஒரு பக்கம் தூள், ஒரு பக்கம் நறுக்கிய இலை. நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைத்த இலையைத் தகட்டளவுக்குக் கத்தரித்துக் கொடுத்துவிட்டு மகள் பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிறாள். அம்மா சுற்றுகிறார். பேச்சு நம்மோடு, விரல்கள் தன்பாட்டுக்கு நடக்கின்றன. மாமியார் நுனியை மடக்கி, இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டிப் போடுகிறார். நாற்பது கட்டு சேர்ந்தால் ஆயிரம். நடுவில் சோறு வடிக்கப் போகிறார், ரேஷன் கடைக்குப் போகிறார், குழந்தையைத் தூங்க வைக்கிறார். திரும்ப வந்து சுளகை எடுக்கிறார். இரவு பத்து மணிக்கும் அந்தச் சுளகு மடியில்தான் இருக்கிறது. இலையும் தூளும் கொடுத்த பீடிக் கடையில் கொண்டுபோய்ப் போட்டால் கட்டைப் பிரித்துப் பார்த்துச் சிலதைக் கழிக்கிறார்கள். கழித்த பீடிக்குக் கூலி கிடையாது, அந்தப் பீடியும் திரும்ப வராது. கொடுத்த இலை மட்டமாக இருந்து எண்ணிக்கை குறைந்தால் சொந்தக் காசில் இலை வாங்கி ஈடுகட்ட வேண்டும். இத்தனை பேர் கை பட்டாலும், கடையில் கணக்கு எழுதித் தரும் பாஸ் புத்தகத்தில் ஒரு பெயர்தான்.

இந்த வீட்டுக்கு அரசாங்கத்தின் தொழிலாளர் கணக்கெடுப்புக்காரர் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘வேலைக்குப் போறீங்களாம்மா?’ என்று கேட்டால், ‘இல்லீங்க, சும்மாதான் இருக்கேன். பீடி சுத்துறேன், அவ்ளோதான்’ என்பார்கள். இந்தப் பதிலை நான் நூறு தடவைக்கு மேல் கேட்டிருக்கிறேன். வந்தவர் அவசரக்காரராக இருந்து முதல் பாதியோடு எழுதிக்கொண்டு போனால், உங்கள் அம்மா கணக்கெடுப்புப் பட்டியலில் 92ஆம் எண்ணில் விழுவார். அதாவது ‘வீட்டுவேலை மட்டும் செய்பவர்’. உழைப்போர் கணக்கிலேயே வர மாட்டார்.

வந்தவர் பொறுமைசாலியாக இருந்து இரண்டாம் பாதியையும் கேட்டால் 11ஆம் எண். அதன் பொருள் என்ன தெரியுமா? ‘சொந்தக் கணக்கில் தொழில் செய்பவர்’. இலையும் தூளும் அடுத்தவருடையது, கூலியை முடிவு செய்வது அடுத்தவர், கழிப்பதும் அடுத்தவர். இருந்தாலும் புள்ளிவிவரத்தில் அவர் சுயதொழில்காரர். பொருள் கொடுத்து வீட்டில் செய்து வாங்கும் வேலையை நம் கணக்கெடுப்பு சுயதொழிலோடு சேர்ப்பதுதான் காரணம்.

ஆனால் 1966இல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் என்ன சொன்னது? பொருளை வாங்கிக்கொண்டு போய் வீட்டில் பீடி சுற்றுகிறவரும் தொழிலாளிதான் என்று அதில் தெளிவாகவே எழுதியிருந்தார்கள். பீடி முதலாளிகள் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1974இல் அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலாளர் சட்டத்தொகுப்புக்குள் இப்போது அதைச் சேர்த்திருக்கிறார்கள். ஆக, ஒரே பெண்மணி சட்டத்தில் தொழிலாளி, கணக்கெடுப்பில் சுயதொழில்காரர், அவருடைய சொந்த வாய்மொழியில் சும்மா இருப்பவர். இந்த மூன்றில் எதை நம்பி ஒரு அரசாங்கம் திட்டம் போடும்? என் வேலைக்காலம் முழுக்க இந்த ஒரு கேள்வியைத்தான் வேறு வேறு ஊர்களில், வேறு வேறு தொழில்களில் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று சொல்லலாம்.

இது வெறும் பெயர்ச் சண்டை இல்லை. 1972இல் அகமதாபாதில் இலா பட், சுயமாக உழைக்கும் பெண்களுக்கான ‘சேவா’ அமைப்பைத் தொழிற்சங்கமாகப் பதிவுசெய்யப் போனபோது, முதலாளி என்று யாரையும் காட்ட முடியாத பெண்களுக்குச் சங்கம் எதற்கு என்ற ஆட்சேபம்தான் முதலில் வந்தது. 1996இல் வீட்டிலிருந்து உழைப்பவர்களுக்கென்று சர்வதேச உடன்படிக்கை ஒன்று வந்தது. இந்தியா அதை ஏற்கவில்லை. 2018இல்தான் தொழிலாளர் புள்ளியியலாளர்களின் சர்வதேச மாநாடு, தொழிலாளி, சுயதொழில்காரர் இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்களுக்கென்று ஒரு தனிப் பிரிவை ஏற்படுத்தியது. நம் நாட்டுக் கணக்கெடுப்பின் எண்களைப் படிப்பதிலும் இதே சிக்கல் வருகிறது. 2017-18இல் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 23.3 சதவீதம் பேர் உழைப்புச் சந்தையில் இருந்தார்கள். 2023-24இல் அது 41.7 சதவீதம். உண்மையிலேயே அத்தனை பெண்களுக்கு வேலை கிடைத்ததா, ஏற்கெனவே செய்துகொண்டிருந்த வேலை இப்போதுதான் எழுத்தில் ஏறுகிறதா, கஷ்டம் தாங்காமல் கிடைத்ததைச் செய்கிறார்களா என்று பெரிய விவாதமே நடக்கிறது. திண்ணையில் உட்கார்ந்து பார்த்த ஒருவர் அந்த விவாதத்தில் சொல்லக்கூடியதை, தரவுக் கோப்பை மட்டும் பார்த்தவரால் சொல்ல முடியாது.

சரி, இப்போது உங்கள் ஆசிரியர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. அவர் சொன்ன விதம் தப்பு. ஆனால் வீட்டில் பார்த்ததை அப்படியே முடிவாக எழுதினால் அது ஆய்வாகாது. வீடு உங்களுக்குக் கேள்வியைத் தரும், பதிலை வெளியில் போய்த்தான் தேட வேண்டும். குடியாத்தம், வேலூர் பக்கமும் பீடி சுற்றுகிறார்கள். அங்கே ஏற்பாடு இதே மாதிரி இருக்கிறதா? கட்டட வேலைக்குப் போகும் பெண்களோடு ஒப்பிட்டால் எப்படி? உங்கள் அம்மாவுக்குப் பொருந்துவது எத்தனை பேருக்குப் பொருந்தவில்லை? இதையெல்லாம் பார்த்தபிறகு உங்கள் வீட்டுக் கதை ஒரு வாதமாக நிற்கும்.

தப்பு எல்லாருக்கும் நேரும். என் முதல் கேள்வித்தாளில் ‘மாத வருமானம் எவ்வளவு’ என்று ஒரு கட்டம் வைத்திருந்தேன். அறுபது வீடுகளில் கேட்டு நிரப்பினேன். அப்புறம் ஒரு அம்மா, ‘மாசத்துக்குன்னு யாரு தம்பி கணக்கு வச்சிருக்கா? ஆயிரத்துக்கு எவ்வளவு, இந்த வாரம் எத்தனை ஆயிரம், எத்தனை கழிச்சான்னு கேளுங்க’ என்றார். அறுபது தாள்களையும் ஒதுக்கி வைத்துவிட்டு மறுபடி முதல் வீட்டிலிருந்து போனேன். அந்தக் கேள்வி உங்களுக்கு முதல் நாளே தெரியும். அதற்காக மட்டுமே நீங்கள் இந்தத் துறைக்கு வர வேண்டும் என்பேன்.

பிழைப்புக்கு வருகிறேன். இதில் உங்களிடம் எதையும் மறைக்க விரும்பவில்லை. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, அதோடு வீட்டு வாடகைப் படியும் உண்டு. ஐந்து வருடம் வரை கிடைக்கும். பெண்களுக்கு வயது வரம்பில் ஐந்து வருடத் தளர்வு இருப்பதால் நீங்கள் பதற வேண்டியதில்லை. 2024 முதல் முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் நெட் மதிப்பெண்ணைப் பயன்படுத்தலாம். ஜே.ஆர்.எஃப். கிடைக்காமல் முனைவர் பட்டத்தில் சேர்வதை மட்டும் இரண்டு தடவை யோசியுங்கள். உதவித்தொகை இல்லாமல் சேர்ந்த மாணவிகள் மூன்றாம் வருடத்தில் படும் பாட்டை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வீட்டில் கல்யாணப் பேச்சு, கையில் காசில்லை, வழிகாட்டி ஊரில் இல்லை. பாதியில் விட்ட ஆய்வுகளில் அருமையான தலைப்புகள் இருந்தன.

பட்டம் வாங்கிய பிறகு? உதவிப் பேராசிரியர் பணி நிரந்தரமாகக் கிடைத்தால் தொடக்க அடிப்படைச் சம்பளமே 57,700 ரூபாய். ஆனால் நிரந்தரப் பணி கிடைக்கும்வரை கௌரவ விரிவுரையாளராகவோ தொகுப்பூதியத்திலோ பல வருடம் போகலாம். வகுப்பில் பணிப் பாதுகாப்பு பற்றிப் பாடம் நடத்துகிறவருக்கே அடுத்த வருடம் வேலை உண்டா என்று தெரியாது. என் மாணவர்கள் சிலர் பத்து வருடமாக அப்படி இருக்கிறார்கள். அவர்களை நினைத்தால் எனக்கு இரவில் தூக்கம் வருவதில்லை. இந்த நிலையை மனதில் வைத்தே முடிவெடுங்கள்.

மாமாவிடம் சண்டை வேண்டாம். அவர் கேட்பது ஒரு நிச்சயம். அதற்கு வங்கித் தேர்வுதான் வழி என்றில்லை. யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வுக்கு உங்கள் எம்.ஏ. போதும், வயது வரம்புக்குள் இருக்கிறீர்கள். நெட்டுக்குப் படிப்பதில் கணிசமான பங்கு அதற்கும் உதவும். இரண்டையும் சேர்த்து இரண்டு வருடம் என்று மாமாவிடம் ஒரு கெடு வாங்குங்கள். புள்ளியியல் துறையின் கள அலுவலர் வேலையையும் சின்னதாக நினைக்காதீர்கள். 92க்கும் 11க்கும் உள்ள வித்தியாசம் தெரிந்த ஒருவர் அந்தத் திண்ணையில் போய் உட்கார்ந்தால், ஆயிரம் பெண்கள் சரியான கட்டத்தில் விழுவார்கள்.

இடத்தைப் பொறுத்தவரை, சென்னை அடையாறில் மால்கம் ஆதிசேஷய்யா 1971இல் தொடங்கிய வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. பொருளியலாளர் கே.என்.ராஜ் திருவனந்தபுரத்தில் தொடங்கிய வளர்ச்சி ஆய்வு மையமும் இருக்கிறது. உங்களுக்கு அதுதான் கிட்டம், செங்கோட்டை தாண்டினால் கேரளம். அப்பா வேலை பார்க்கும் மாநிலமும் அதுதான், அவரையும் உங்கள் ஆய்விலிருந்து விட்டுவிடாதீர்கள். ஊரில் அம்மாவின் நேரம் எப்படிப் போகிறது என்பதற்கும் அவர் அங்கே இருப்பதற்கும் தொடர்பு இருக்கும். நிறுவனத்தின் பெயரைவிட வழிகாட்டியைப் பாருங்கள். அவர் கடைசியாக எப்போது களத்துக்குப் போனார் என்று அவருடைய மாணவர்களிடம் விசாரியுங்கள்.

கணக்கு சுமார் என்றால் பரவாயில்லை, ஆனால் சுமாராகவே விட்டுவிடக் கூடாது. கணிதத்தில் மேதையாக வேண்டாம். புள்ளியியல் நன்றாக வேண்டும்: மாதிரி எடுப்பது, எடையிட்டுக் கணக்கிடுவது, தொடர்புப் போக்குப் பகுப்பாய்வு (regression). தொழிலாளர் கணக்கெடுப்பின் மூலத் தரவை மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் இலவசமாகவே தருகிறது. ஆர் என்ற மென்பொருளும் இலவசம். தமிழ்நாட்டுக் கோப்பை மட்டும் எடுத்து, பீடித் தொழிலில் உள்ள பெண்கள் எந்த எண்ணில் விழுகிறார்கள் என்று நீங்களே ஒரு அட்டவணை போட்டுப் பாருங்கள். ஆறு மாதத்தில் பயம் போய்விடும். ஆங்கிலத்துக்கு ஒரே வழி, தினம் இரண்டு பக்கம் நல்ல ஆய்வுக் கட்டுரை படித்து அரைப் பக்கம் எழுதுவது. களக் குறிப்பை மட்டும் தமிழில்தான் எழுத வேண்டும். ‘சும்மா’ என்ற சொல்லை அங்கேயே ஆங்கிலத்தில் எழுதிவிட்டால் அதற்குள் இருந்தது போய்விடும்.

இந்த வேலை எவ்வளவு நீளம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்து ஆய்வாளர் பார்பரா ஹாரிஸ்-வைட் 1970களின் தொடக்கத்தில் ஆரணிக்கு வந்தார். அரிசி வியாபாரத்தில் ஆரம்பித்துப் பத்து வருடம், இருபது வருடம் என்று அதே ஊருக்குத் திரும்பத் திரும்ப வந்து, ஒரு சின்னச் சந்தை நகரத்தின் பொருளாதாரம் எப்படி நடக்கிறது என்று காட்டினார். நெதர்லாந்து ஆய்வாளர் யான் பிரேமன் 1962இல் தெற்கு குஜராத்துக்குப் போனவர், அரை நூற்றாண்டு அந்தக் கூலிக்காரர்கள் பின்னாலேயே நடந்தார். உங்களுக்கு ஒரு வசதி உண்டு. அவர்கள் கடல் தாண்டி வந்தவர்கள், உங்களுக்குக் களத்தின் மொழியே வீட்டுமொழி. அதிலேயே ஒரு ஆபத்தும் உண்டு. பீடிக் கடைக்காரர் உங்கள் அம்மாவுக்குத் தெரிந்தவர், நீங்கள் எழுதுவது நாளைக்கு அம்மாவின் பாஸ் புத்தகத்தைப் பாதிக்கலாம். அதனால் முதல் களத்தை உங்கள் ஊரில் வைக்காதீர்கள், மூன்று ஊர் தள்ளி வையுங்கள். ஊர்ப் பெயரையும் ஆள் பெயரையும் மாற்றி எழுதுங்கள். பாஸ் புத்தகத்தைப் படம் எடுக்காதீர்கள். ‘இதனால எங்களுக்கு என்ன கிடைக்கும்?’ என்று நிச்சயம் கேட்பார்கள். உடனே ஒன்றும் கிடைக்காது என்று உள்ளதைச் சொல்லுங்கள். நான் கண்டவரையில், அப்படிச் சொன்ன பிறகுதான் மனம்விட்டுப் பேச ஆரம்பிப்பார்கள்.

தலைப்பு வேண்டுமானால் உங்கள் கடிதத்திலேயே ஒன்று இருக்கிறது. நீங்கள் படித்த உதவித்தொகை, 1976இல் வந்த பீடித் தொழிலாளர் நல நிதியிலிருந்து தொடங்கியது. பீடி மீது வசூலித்த தனி வரிதான் அதன் ஊற்று. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்தத் தனி வரியை எடுத்துவிட்டார்கள். திட்டங்களுக்கு இப்போது அரசு நிதிநிலை அறிக்கையில் ஒதுக்குவதுதான் வழி. பணம் வரும் பாதை மாறியதில் பிள்ளைகளின் படிப்புக்கும் பீடித் தொழிலாளர் மருத்துவமனைகளுக்கும் என்ன ஆனது என்று உங்கள் மாவட்டத்தில் வீடு வீடாகப் பார்த்து எழுதினால், அதுவே ஒரு முழு ஆய்வு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். காலையில் எழுந்ததிலிருந்து அம்மா பக்கத்தில் ஒரு நோட்டோடு உட்காருங்கள். சுளகை எத்தனை மணிக்கு எடுத்தார், எத்தனை மணிக்கு எதற்காகக் கீழே வைத்தார், மறுபடி எப்போது எடுத்தார் என்று படுக்கப் போகும்வரை எழுதுங்கள். யார் கத்தரித்தார்கள், யார் கட்டினார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் கடையில் எத்தனை போட்டார், எத்தனை கழித்தார்கள் என்று அவரிடமே கேட்டு எழுதி, அதன் நகல் ஒன்றை எனக்கு அனுப்புங்கள். உங்கள் ஆய்வுத் திட்டத்தின் முதல் பக்கத்தை அதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.